என் சட்டையில் சிவப்பு அட்டை மாட்டிய ஜெபசீலி

ஜெபசீலிக்கு என்மேல் பயமே கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓசூர் தொழிற்பேட்டையில் உள்ள எங்கள் கம்பெனியில் நான் ஷிப்ட் சூப்பர்வைசர். பெயர் கமலக்கண்ணன், சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம், சர்வீஸ் இருபத்தாறு வருடம். என் கீழே நாற்பது பேர். என் பூட்ஸ் சத்தம் கேட்டதுமே முப்பத்தொன்பது பேர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவள் மட்டும் தலையைக்கூடத் தூக்காமல், கொஞ்சம் நகருங்கள் அண்ணா, வெளிச்சத்தை மறைக்கிறீர்கள் என்பாள். அப்பேர்ப்பட்டவள் போன வருடம், என் இடது கன்னத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு டாக்டர் பார்த்தே ஆக வேண்டும் என்று நின்றாள். நான் காட்டவே மாட்டேன் என்று நின்றேன். அவளைப் பற்றிச் சொல்வதென்றால் அந்த மல்லுக்கட்டைத்தான் சொல்ல வேண்டும்.

அவளுக்குத் தேன்கனிக்கோட்டைக்கு மேலே காட்டை ஒட்டிய ஒரு சின்ன ஊர். வீட்டில் கேழ்வரகு போடுவார்கள். யானை இறங்குகிற மாதங்களில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளும் தகரம் தட்டி விரட்டக் கேழ்வரகுக் கொல்லைக்குப் போக வேண்டுமாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் நான் அவளைச் சத்தம் போட்டபோது முழுவதையும் நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "யானை கத்தியே நாங்க கொல்லைய விட்டு ஓடுனதில்லண்ணா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

பன்னிரண்டாவது முடித்துவிட்டு இரண்டு வருடம் ஒரு ரோஜாப் பண்ணையில் இருந்திருக்கிறாள். காம்பின் நீளத்தைக் கண்ணாலேயே அளந்து ரகம் பிரிக்கிற வேலை. அந்தக் கண்ணோடு எங்களிடம் வந்தாள். வந்து பதினோரு வருடம் ஆகிறது. இடையில் எங்கள் கம்பெனி பஸ் ஓட்டும் ஜெபதுரையைக் கல்யாணம் செய்துகொண்டு மூக்கண்டப்பள்ளியில் குடியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுக் குழுவில் முதல் வரிசை. மற்ற ஆறு நாளும் எங்கள் பிரிண்டிங் அறையில் அதே பாட்டுகளை முணுமுணுப்பாள். நிறுத்தச் சொன்னால் நிறுத்துவாள், நான் கதவைத் தாண்டும் வரைக்கும்.

சர்க்கரை பார்க்க விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைப்போமே, அந்த மெல்லிய பட்டையைத்தான் நாங்கள் செய்கிறோம். பிளாஸ்டிக் தாளின் மேல் கரி மையாலும் வெள்ளி மையாலும் மூன்று பொடிக் கோடுகள் அச்சடிக்க வேண்டும். மின்சாரம் அந்தக் கோடுகள் வழியாகத்தான் போய் வரும். மை ஒரு மயிரிழை தடித்தாலும் எண் மாறிவிடும். இயந்திரம் சொல்வதற்கு முன்னால் ஜெபசீலி சொல்லிவிடுவாள், இந்தத் தாள் ஆகாது என்று. இருபது முறை அவளோடு பந்தயம் கட்டிப் பார்த்துவிட்டேன். இருபதும் எனக்குத் தோல்வி.

இரண்டு வருடத்துக்கு முன்பு வினிதா என்ற இளம் விஞ்ஞானி புதிய வேலை ஒன்றைக் கொண்டு வந்தார். இதுவும் பட்டைதான், ஆனால் வாய்ப் புற்றுநோய்க்கு. வாயில் புற்று வரும்போது எச்சிலில் ஒரு குறிப்பிட்ட புரதம் வழக்கத்தைவிட அதிகமாகுமாம். அந்தப் புரதத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும் பூச்சு ஒன்றை நடுக்கோட்டின் மேல் தடவுகிறார்கள். எச்சில் சொட்டை விட்டால் புரதம் எவ்வளவு ஒட்டுகிறதோ அந்த அளவுக்கு மின்னோட்டம் கூடும். பக்கத்துப் பெட்டியில் ஓர் எண் வரும். இருபதுக்குக் கீழே என்றால் சாதாரணம். இது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, இதை வைத்து யாருக்கும் நோய் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்லக் கூடாது என்று வினிதா எங்களிடம் நூறு தடவை சொல்லியிருப்பார். அந்த வார்த்தை பிற்பாடு எனக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று.

ஒவ்வொரு தொகுதி பட்டையையும் நோயில்லாத நாலைந்து பேரின் எச்சிலில் சோதிக்க வேண்டும். நோயில்லாதவர்களுக்கு எங்கே போவது? நாங்கள்தான். மதியச் சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் பெயர் கொடுத்தவர்கள் வரிசையாக வந்து குப்பியில் துப்பிவிட்டுப் போவோம். கையெழுத்துப் போட்டு முதலில் பெயர் கொடுத்தவன் நான். இந்தக் கம்பெனியின் முதல் ஆரோக்கியமான எச்சில் என்னுடையது என்று வீட்டில் போய்ச் சொல்லி, என் மனைவி ஜெயமணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஏப்ரல் பிறந்தது, எண்கள் எல்லாம் கெட்டுப்போயின. இருபதுக்குள் இருந்தவர்கள் எல்லாம் முப்பத்தொன்று, முப்பத்தாறு என்று போனார்கள். அடுத்த மாதம் ஒரு மருத்துவ முகாமுக்குப் பட்டைகள் போக வேண்டும். வினிதா பூச்சை மாற்றினார், தண்ணீரை மாற்றினார், பெட்டியையே மாற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் எல்லோர் பார்வையும் அச்சின் மேல் விழுந்தது. நானும் போய் ஜெபசீலியிடம் குதித்தேன். அவள் சோதனைத் தாள்களை எல்லாம் வாங்கி மேஜை மேல் பரப்பி வைத்துக்கொண்டு பார்த்தாள்.

ஒரே ஒரு ஆளின் எண் மட்டும் நகரவே இல்லை. கேட் காவலாளி திம்மப்பன். எப்போது பார்த்தாலும் பன்னிரண்டு. நாங்கள் எல்லோரும் செய்கிற எதைத் திம்மப்பன் செய்வதில்லை என்று அவள் யோசித்திருக்கிறாள். நேராகக் கேட்டுக்குப் போய் அவரிடமே கேட்டாள். அவர் கன்னடமும் தமிழுமாகத் தன் பல் கூச்சத்தைப் பற்றி ஒரு கால் மணி நேரம் அழுதிருக்கிறார். சரோஜம்மாள் கடை மாங்காயைத் தன்னால் கடிக்க முடியவில்லையே என்பதுதான் அவருடைய பெரிய துக்கம்.

சரோஜம்மாள் எங்கள் கேட்டுக்கு எதிரே தள்ளுவண்டி போட்டிருப்பவர். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெங்களூரா மாங்காயைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுப்பார். ஏப்ரல், மே இரண்டு மாதமும் சாப்பிட்டு முடித்த கையோடு எங்கள் கம்பெனியே அந்த வண்டியைச் சுற்றித்தான் நிற்கும். புளிப்பு பல்லில் இருக்கும்போதே வந்து குப்பியில் துப்பியிருக்கிறோம்.

ஜெபசீலி எல்லோரையும் வாய் கொப்பளிக்க வைத்து, ஒரு மணி நேரம் பட்டினி போட்டு, மறுபடி எச்சில் வாங்கினாள். பதினொன்று, பதினான்கு, பன்னிரண்டு. வினிதா தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். மாங்காயில் இருக்கும் வைட்டமின் சி அந்தக் கோட்டின் மேல் தானாகவே மின்னோட்டம் கொடுக்குமாம், புரதம் வந்த மாதிரியே. படித்த புத்தகம் முழுக்க அது இருக்கிறது, சாப்பாட்டு இடைவேளையில் நாம் என்ன தின்கிறோம் என்பதுதான் புத்தகத்தில் இல்லை என்றார். சோதனைக்கு வருகிறவர் ஒரு மணி நேரம் எதையும் சாப்பிட்டிருக்கக் கூடாது என்ற விதி அன்றுதான் முகாமுக்கான தாளில் ஏறியது. ஜெபசீலிக்கு எல்லோரும் கை தட்டினோம். அவளைக் குதறிய நான்தான் சத்தமாகத் தட்டினேன்.

சத்தமாகத் தட்டியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. என் எண் இறங்கவில்லை. முப்பத்துநான்கு.

மறுநாள் மாங்காயைத் தொடாமல் கொடுத்தேன். முப்பத்துமூன்று. அதற்கடுத்த நாள் காலையில் காப்பிகூடக் குடிக்காமல் கொடுத்தேன். முப்பத்தைந்து. இருபது வருட மாங்காய் ரத்தத்திலேயே ஊறிவிட்டது, மூன்று நாளில் இறங்குமா என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். சாரை ஊறுகாய் போட்டுவிடலாம் என்று ஒருத்தன் சொன்னான். அதற்கும் சிரித்தேன். ஜெபசீலி கண்டுபிடித்த மாங்காயை வைத்தே அவள் வாயை அடைத்துவிட்டோம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அவள் சிரிக்கவில்லை. பழைய தாள்களைப் புரட்டி, ஜனவரியில் என் எண் பதிமூன்று, மார்ச்சில் பத்தொன்பது, அப்போது ஏது மாங்காய் என்று கேட்டாள். மிஷின் கோளாறு என்றேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரியும். இடது கன்னத்தின் உள்பக்கம் நாக்கால் தொட்டால் ஓர் இடம் சொரசொரவென்று இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் வெள்ளையாக, சுண்டுவிரல் நகம் அளவுக்கு. சூடான சாம்பார் பட்டால் எரியும். நாலு மாதமாக இருந்தது. இருபது வருடமாக அந்த இடத்தில்தான் புகையிலையை ஒதுக்கி வைப்பேன். ஜெயமணிக்குத் தெரியாது, கம்பெனியில் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பகலெல்லாம் நாக்கு அங்கேயே போகும். தினமும் பயந்தேன். பயந்தால் என்ன செய்வேன், இன்னும் கொஞ்சம் புகையிலை போடுவேன்.

வினிதா தனியாகக் கூப்பிட்டு, பட்டையை நம்ப வேண்டாம், ஆனாலும் ஒரு பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்று பக்குவமாகச் சொன்னார். இதை வைத்து ஒன்றும் சொல்லக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று அவர் வார்த்தையையே திருப்பிக் கொடுத்தேன். ஜெபசீலிக்குப் பக்குவம் எல்லாம் வராது. நேராக வந்து வாயைத் திறக்கச் சொன்னாள். நீ என்ன டாக்டரா, போய் உன் மையைக் கலக்கு என்று ஹாலே அதிரக் கத்தினேன். போய்விட்டாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

இந்த இடத்தில் சிவப்பு அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்தப் பொருளாவது மூன்று தடவை சோதனையில் தவறினால் அதில் ஒரு சிவப்பு அட்டையை நூலால் கட்டிவிடுவோம். ஹோல்டு என்று அதற்குப் பெயர். அட்டை விழுந்த பொருள் அடுத்த மேஜைக்கு நகரக் கூடாது. செய்தவனும் அட்டையைக் கழற்றக் கூடாது, சூப்பர்வைசரும் கழற்றக் கூடாது. வெளி ஆள் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த விதியைக் கொண்டுவந்தவனே நான்தான். ஒரு தடவை முதலாளி வாசலில் லாரியை நிறுத்தி வைத்துக்கொண்டு கெஞ்சியும் அட்டையைக் கழற்றவிடவில்லை. கேன்டீன் சாம்பார் தொடர்ந்து மூன்று நாள் உப்புக் கரித்தபோது அண்டாவில் அட்டையைக் கட்டியிருக்கிறேன். அன்று நாற்பது பேரும் தயிர்ச்சோறுதான் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை, ஷிப்ட் தொடங்கும் முன் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தேன். பாதுகாப்பு, தரம், நேரம். ஜெபசீலி வரிசையை விட்டு வெளியே வந்தாள். என் சட்டைப் பையில் தொங்கிய அடையாள அட்டையோடு சேர்த்து ஒரு சிவப்பு அட்டையைக் கட்டினாள். நூலில் இரண்டு முடிச்சு. பொருளின் பெயர் என்ற இடத்தில் கமலக்கண்ணன் என்று எழுதியிருந்தது. குறை என்ற இடத்தில் 34, 33, 35.

எனக்கு முகமெல்லாம் சூடேறிவிட்டது.

"எனக்கு நோயின்னு சொல்றியாம்மா நீ?" என்று கேட்டேன்.

"நோயின்னு நான் சொல்லலண்ணா. ரிஜெக்டுன்னும் சொல்லல. ஹோல்டுன்னுதான் சொல்றேன். மூணு தடவ தவறுச்சுன்னா ஒருத்தர் பாக்கணும், அவ்ளோதான். நீங்க சொல்லிக் குடுத்த விதிதான்."

முதலில் யாரோ ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். பிறகு நாற்பது பேரும் சிரித்தார்கள். நான் அட்டையைப் பிய்க்கக் கையைக் கொண்டுபோனேன். நாற்பது பேரும் சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தார்கள். இருபத்தாறு வருடமாக நான் யாரையும் செய்யவிடாத காரியம் அது. கை அப்படியே நின்றுவிட்டது.

அந்த அட்டையோடேயே அன்று முழுக்க வேலை பார்த்தேன். மறுநாள் கேட்டில் திம்மப்பன் குறுக்கே கையை நீட்டினார். "பேடா சார், ஹோல்டு ஐட்டம் உள்ள விடக் கூடாது" என்றார். பேடா என்றால் கன்னடத்தில் வேண்டாம். மேனேஜரே சிரித்துக்கொண்டு என் பெயரில் லீவு போட்டுவிட்டாராம். திரும்பிப் பார்த்தால் ஷிப்டுக்கு ஆட்களை இறக்கிவிட்ட கம்பெனி பஸ் காலியாக நிற்கிறது. ஜெபதுரை கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஏறுங்கள் சார், ஆஸ்பத்திரி வழியாகத்தான் போகிறேன் என்றார். திட்டிக்கொண்டே ஏறினேன். மூன்றாவது சீட்டில் ஜெயமணி உட்கார்ந்திருந்தாள், மடியில் துணிப்பையோடு. ஜெபசீலி வீட்டுக்கே போய்ச் சொல்லியிருக்கிறாள். புகையிலை உட்பட.

ஜெயமணி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் உட்கார இடம் மட்டும் விட்டாள். முப்பது வருடமாக என்னைத் திட்டாமல் ஒரு பொழுது விடிந்ததில்லை அவளுக்கு. அன்று அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். கன்னத்தை இழுத்து விளக்கடித்துப் பார்த்தார். யார் அனுப்பினார்கள் என்று கேட்டார். பிரிண்டிங் ஆபரேட்டர் என்றேன். அவருக்குப் புரியவில்லை. கதையை முழுதாகச் சொன்னேன், மாங்காயையும் சேர்த்து. அவர் எண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எண் இருக்கட்டும், இந்த வெள்ளையைப் பார்த்தாலே சோதிக்க வேண்டியதுதான் என்று சொல்லி, அதிலிருந்து ஒரு துணுக்குச் சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். பத்து நாள் கழித்து வரச் சொன்னார். என் சட்டைப் பையில் இருந்த புகையிலைப் பொட்டலத்தை ஜெயமணி எடுத்து அவருடைய குப்பைக் கூடையிலேயே போட்டாள்.

அந்தப் பத்து நாளும் ஜெயமணி பேசவில்லை. சோறு குழைய வடித்துப் போட்டாள், காரம் இல்லாமல் குழம்பு வைத்தாள். நான் சும்மாவாவது வம்புக்கு இழுத்துப் பார்த்தேன், குளித்த துண்டைக் கட்டில் மேலேயே போட்டுப் பார்த்தேன். எடுத்துக் காயப்போட்டாளே தவிர, வாயைத் திறக்கவில்லை. டாக்டர் பார்த்தாயிற்று என்று திம்மப்பன் என்னை உள்ளே விட்டார். கம்பெனியில் ஜெபசீலி பாடுவதை நிறுத்தியிருந்தாள். நானே ஒரு நாள் கதவருகே போய், பாடேன் அம்மா என்றேன். தொண்டை கட்டியிருக்கிறது என்றாள். பொய் சொல்ல அவளுக்கு வராது.

பத்தாம் நாள் டாக்டர் தாளை மேஜையில் வைத்தார். அந்த இடத்துச் செல்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன, இன்னும் புற்றாகவில்லை, அந்த வெள்ளையை மட்டும் எடுத்துவிடலாம், பதினைந்து நாளில் எல்லாம் சாப்பிடலாம் என்றார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். பிறகு பேனாவை மூடிக்கொண்டே, "ஒரு வருஷம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா தாடையோட எடுக்க வேண்டியிருந்திருக்கும்" என்றார்.

ஜெயமணி எழுந்து நின்றாள். திட்டத் தொடங்கினாள். டாக்டருக்கு முன்னாலேயே, புகையிலையில் ஆரம்பித்து, கல்யாணத்தன்று நான் தாமதமாக வந்தது வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். நர்ஸ் எட்டிப் பார்த்தார். மாடிப்படியில் திட்டினாள், வாசலில் திட்டினாள், கண்ணில் தண்ணீர் ஓட ஓடத் திட்டினாள். கேட்கக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் திட்டமாட்டாளா என்று இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று கம்பெனிக்குப் போன் போட்டேன். வேலை நேரத்தில் எல்லோருடைய போனும் கேட்டில் பெட்டிக்குள் இருக்கும். அதனால் திம்மப்பனைத்தான் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொல்லிவிடுங்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் உள்ளே ஆள் அனுப்பிவிட்டார் போலிருக்கிறது. யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டது. "அண்ணா" என்றாள் ஜெபசீலி. புற்று இல்லை அம்மா என்றேன். அழுகிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று, ஏனென்றால் பதினோரு வருடத்தில் நான் அதைக் கேட்டதில்லை. ஜெயமணி போனைப் பிடுங்கிக்கொண்டாள். பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேசாமல் அழுதார்கள்.

மறுநாள் வேலைக்குப் போனபோது திம்மப்பன் ஒன்று சொன்னார். பிரிண்டிங் அறையில் போடும் வெள்ளை அங்கியும் தொப்பியும் அந்த அறையை விட்டு வெளியே வரக் கூடாது. தூசி ஒட்டினால் அன்றைய தாள்கள் அத்தனையும் பாழ். ஜெபசீலி மையைத் தாளின் மேல் பாதி இழுத்தபடியே விட்டுவிட்டு, அங்கியும் தொப்பியும் கையுறையுமாகக் கேட் வரைக்கும் ஓடி வந்திருக்கிறாள். அரை நாள் அச்சைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். விதிப்படி நான் அவள் பெயரை எழுதி மேலே அனுப்ப வேண்டும். அதற்கான தாளை எடுத்து, பெயரை எழுதி, என்ன குறை என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டேன். இருபத்தாறு வருடத்தில் நான் எழுதி முடிக்காமல் கிழித்துப் போட்ட ஒரே தாள் அதுதான்.